சாவியை யாரிடம் கொடுக்கலாம்?

சிங்கப்பூரின் சைனாடவுனில் அப்பர் நான்கிங் ஸ்திரீட் என்று ஒரு தெரு. 1950களின் நடுவில் பாரிங்டன் கே என்ற சமூகவியலாளர் அந்த ஒரு தெருவை மட்டும் வீடு வீடாக ஆராய்ந்தார். 1960ல் அது புத்தகமாக வந்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு என்று எழுந்த பழைய கடைவீடுகள் அங்கே வரிசையாக நின்றன. மாடியைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறிலும் ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தார்கள். பல தடுப்பறைகளுக்குச் சன்னல் இல்லை. அடுப்படியும் குழாயடியும் கழிவறையும் மாடியிலிருந்த எல்லாருக்கும் பொது. பகல் வேலைக்காரர் எழுந்துபோன கட்டிலில் இரவு வேலைக்காரர் வந்து படுப்பதும் அந்த நகரத்தில் சாதாரணமாக இருந்தது.

இந்தத் தடுப்பறைகளுக்கு வாடகை வாங்கியவர் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர் இல்லை. அவரிடமிருந்து வீட்டை மொத்தமாக எடுத்து, கூறுபோட்டு, உள்வாடகைக்கு விட்ட தலைமைக் குடித்தனக்காரர். 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1939 ஆகஸ்ட் மாத நிலையில் நிறுத்திவைத்தது. ஏழைகளைக் காக்கவென்று வந்த சட்டம்தான். ஆனால் சொந்தக்காரருக்குப் போய்ச் சேர்ந்த வாடகை சொற்பமாகவே நின்றுவிட, இடையிலிருந்தவர் தடுப்பறைகளைப் பெருக்கிக்கொண்டே போனார். 1947ல் ஒன்பதரை லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்த சிங்கப்பூரின் மக்கள்தொகை 1957ல் பதினான்கரை லட்சமானது. சன்னல் இல்லாத பலகைக் கூட்டுக்கும் ஆள் வரிசையில் நின்ற காலம் அது.

சிங்கப்பூரில் அரசு உதவியோடு வாங்கிய வீட்டை வாடகைக்கு விடலாமா என்ற கேள்வியின் வரலாற்றை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பின்னாளில் வந்த விதிகள் ஒவ்வொன்றின் அடியிலும் இந்தத் தெருவைப் பற்றிய பயம் இருக்கிறது.

1927ல் ஆங்கிலேயர் அமைத்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டியது சுமார் 23,000 வீடுகள்தான். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி அதன் இடத்துக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. சிங்கப்பூர்த் தமிழர்களின் பேச்சிலும் தமிழ் முரசு நாளிதழின் பக்கங்களிலும் அது 'வீவக'. முதல் தலைவராகச் சம்பளம் வாங்காமல் வந்து உட்கார்ந்தவர் வணிகரான லிம் கிம் சான். அடுத்த ஆண்டே, 1961 மே 25 அன்று, புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். எரிந்த இடத்திலும் சுற்றிலும் கழகம் அடுக்குமாடிகளை வேகவேகமாக எழுப்பியது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000 வீடுகளுக்கு மேல் கட்டி முடித்தது.

அவையெல்லாம் முதலில் வாடகை வீடுகள். ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு டாலர் என்றால் வெள்ளிதான். சிங்கப்பூர்க் கணக்கில் 'மூவறை வீடு' என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அப்போது வாடகை வாங்கியது அரசு ஒன்றுதான். தலைமைக் குடித்தனக்காரருக்கு அங்கே வேலை இல்லை.

1964 பிப்ரவரியில் 'மக்களுக்குச் சொந்த வீடு' திட்டம் குவீன்ஸ்டவுனில் தொடங்கியது. ஈரறை வீட்டின் விலை 4,900 வெள்ளி, மூவறை 6,200. சொந்த வீடு வைத்திருப்பவனுக்கே நாட்டில் ஒட்டுறவு இருக்கும் என்று பிரதமர் லீ குவான் இயூ நம்பினார். 1967ல் கட்டாய தேசிய சேவை வந்தபோது இந்த நம்பிக்கை இன்னும் அவசரமாயிற்று. பெற்றோருக்கு ஒரு வீடுகூட இல்லாத நாட்டைப் பிள்ளை எதற்குத் துப்பாக்கி ஏந்திக் காக்க வேண்டும் என்ற கேள்வியைப் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளிலும் அவர் எழுப்பியிருக்கிறார்.

ஆனாலும் வீடுகள் மெதுவாகவே விற்றன. முன்பணம் கட்டத் தொழிலாளியிடம் கையில் காசு இல்லை. 1968ல் அந்தப் பூட்டு திறந்தது. 1955 முதல் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவந்த மத்திய சேம நிதியிலிருந்தே முன்பணத்தையும் கடன் தவணையையும் கட்டலாம் என்று விதி மாறியது. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்ந்த பணம் சுவராகவும் தரையாகவும் மாறத் தொடங்கியது அப்போதுதான். 1970ல் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் நூற்றுக்கு 29 என்ற அளவில் இருந்தன. 1980ல் 59. 1990ல் 87ஐத் தாண்டியது. உலகில் வேறெந்த நகரமும் இருபது ஆண்டுகளில் இப்படித் தலைகீழாக மாறியதாகச் சொல்வது கடினம்.

'சொந்தம்' என்று எல்லாரும் சொன்னாலும் பத்திரத்தில் இருப்பது 99 ஆண்டுக் குத்தகை. சட்டத்தின் கண்ணில் வாங்கியவர் குத்தகைதாரர், நிலம் அரசுடையது. குத்தகைக்குக் கொடுத்தவர் நிபந்தனை போடலாம் அல்லவா? வீவக போட்ட நிபந்தனைகளில் முதலாவது, வாங்கியவர் அதில் குடியிருக்க வேண்டும் என்பது. வாங்கிய குடும்பமே அந்த வீட்டில் சமைத்து, தூங்கி, அங்கிருந்தே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். விலையில் அரசு கொடுத்த கழிவு அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைக்காகக் கொடுக்கப்பட்டது.

இதில் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. வீட்டைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை 1971லேயே வந்துவிட்டது. மூன்று ஆண்டு குடியிருந்தவர் விற்கலாம் என்றார்கள். 1973ல் அதை ஐந்தாக்கினார்கள். இன்று எல்லார் வாயிலும் புழங்கும் 'குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம்' அப்போது பிறந்ததுதான். ஆனால் முழு வீட்டையும் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்து மாதாமாதம் வாடகை வாங்கும் உரிமை பொதுவாகத் திறந்துவிடப்பட்டது 2003ல். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அதுவரை வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் போன்ற சிலருக்கே அந்த அனுமதி கிடைத்தது.

விற்று லாபம் பார்ப்பவரை மன்னித்த கழகம், வாடகை பார்ப்பவரை ஏன் அவ்வளவு நாள் தடுத்தது? விற்றால் வீடு இன்னொரு குடும்பத்தின் கைக்குப் போகிறது. அந்தக் குடும்பமும் அங்கேயே வாழும். வாடகைக்கு விட்டால் அரசு கழிவு விலையில் கொடுத்த வீடு ஒரு தனிமனிதரின் வருமான வழியாகிவிடுகிறது, அதில் வாழ்கிறவருக்குத் தரை நிலைப்பதில்லை. அப்பர் நான்கிங் ஸ்திரீட்டின் தலைமைக் குடித்தனக்காரர் மறுபடி முளைத்துவிடுவார் என்ற அச்சம் இந்தத் தடைக்குப் பின்னால் தெளிவாகவே தெரிகிறது. அந்த அச்சம் நியாயமானது. பொதுப்பணத்தில் கழிவு கொடுத்த வீட்டுக்கு 'நீயே குடியிரு' என்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

அறை வாடகை வேறு கதை. மூவறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் உரிமையாளர் தாமும் குடியிருந்துகொண்டு ஓர் அறையை வாடகைக்கு விடுவது வெகுகாலமாகவே நடைமுறையில் இருந்தது. மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதும் காலியான அறை, கணவரை இழந்த பெண்ணுக்கு மாதச் செலவுக்குக் கை கொடுத்தது. இந்த வருமானம் இல்லாவிட்டால் தவணை கட்ட முடியாமல் தவித்திருக்கக்கூடிய வீடுகள் ஏராளம்.

1989ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம்: வீட்டை யாருக்கு விற்கலாம் என்பதற்கும் அப்போது விதி வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் எஸ். தனபாலன். விற்பனைச் சந்தை தன்போக்கில் போனதில் மலாய்க்காரர்கள் பிடோக், தெம்பனிஸ் பக்கமும், சீனர்கள் அங் மோ கியோ, ஹவ்காங் பக்கமும், இந்தியர்கள் ஈசூன் பக்கமும் மறுபடி திரளத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அவர் எச்சரித்தார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் பல அந்த வட்டாரத்தில்தான் வாழ்ந்துவந்தன. அருகே கட்டப்பட்ட ஈசூனில் அவர்கள் வீடு தேடியது இயல்புதான். 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அமலுக்கு வந்தது. இந்தியர் மற்றும் பிறருக்கு ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காடு, ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், 13 விழுக்காடு என்று உச்சவரம்பு. 2010ல் அது 12, 15 ஆக உயர்ந்தது. சீனருக்கான வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைந்தால் விலையும் குறையும். சிறுபான்மைக் குடும்பங்கள் சுமந்த இந்த நட்டம் நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது.

அதே 1989ல் நிரந்தரவாசிகளும், தனியார் வீடு வைத்திருந்த குடிமக்களும், தாங்களே குடியிருப்பதற்காக மறுவிற்பனை வீவக வீட்டை வாங்கலாம் என்ற கதவும் திறந்தது. குடியிருப்பதற்காக என்ற நிபந்தனை மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு 1997ல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வீட்டு விலை சரிந்தது. வரிசையில் பதிந்துவைத்திருந்தவர்கள் பின்வாங்க, கட்டி முடித்த ஆயிரக்கணக்கான வீடுகள் விலைபோகாமல் நின்றன. 2001ல் கழகம் பழைய பதிவு முறைக்கு மாற்றாக, போதிய ஆள் சேர்ந்த பிறகே கட்டத் தொடங்கும் 'பிடிஓ' முறையைக் கொண்டுவந்தது. 2003ல் சார்ஸ் நோய் வந்து வேலைகளைப் பறித்தது. ஐம்பது வயதில் வேலை போனவருக்குச் சேம நிதி முழுக்க வீட்டில் முடங்கியிருந்தது. 1984ல் தொழிலாளி, முதலாளி இருவர் பங்கும் சேர்ந்து சம்பளத்தில் 50 விழுக்காடு அளவுக்குச் சேம நிதிக்குப் போன காலமும் உண்டு. அதில் பெரும்பகுதியை வீடு விழுங்கியிருந்தது. கணக்குப் பார்த்தால் சில லட்சம் வெள்ளிச் சொத்து, மளிகைக் கடைக்குப் போனால் கையில் காசில்லை.

முழு வீட்டு வாடகை அனுமதி 2003ல் வந்த பின்னணி இது. முதலில் நீண்ட ஆண்டுகள் வாழ்ந்த பழைய உரிமையாளர்களுக்கு மட்டும் என்று கெடுபிடியாகத் தொடங்கி, 2005ல் சற்றுத் தளர்ந்து, 2007ல் பெரிதாகத் தளர்ந்தது. கழிவு பெற்று வாங்கிய வீடானால் ஐந்து ஆண்டு, கழிவு இல்லாமல் மறுவிற்பனையில் வாங்கியதானால் மூன்று ஆண்டு குடியிருந்தால் போதும் என்றானது. மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டு தன் வீட்டை வாடகைக்கு விட்ட முதியவர்கள் எத்தனையோ பேர். 2009ல் குத்தகையின் கடைசிப் பகுதியை வீவகவுக்கே திருப்பி விற்று மாதாந்தரத் தொகை பெறும் திட்டமும் வந்தது. வீடு தங்குமிடம் என்ற நிலையிலிருந்து முதுமைக்கால வருமானம் என்ற நிலைக்கு அதிகாரபூர்வமாகவே நகர்ந்தது அந்த ஆறேழு ஆண்டுகளில்தான்.

வாடகைக்கு விட அனுமதி கிடைத்தால் போதுமா, குடிவர ஆள் வேண்டாமா? ஆட்கள் வந்தார்கள். 2000ல் சுமார் ஏழரை லட்சமாக இருந்த வெளிநாட்டினர் 2010ல் பதின்மூன்று லட்சமானார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் கணிசம். சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள், தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள், தாதியர், சமையல்காரர்கள், கடைச் சிப்பந்திகள். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு மேலே எழும் பஃபலோ சாலை அடுக்குமாடிகள், சிராங்கூன் சாலையின் பக்கத் தெருக்கள், ஈசூன், உட்லண்ட்ஸ் என்று அவர்களில் பலர் அறை தேடினார்கள். குளியலறை இணைந்த பெரிய அறைக்கு ஒரு விலை, மற்ற அறைக்கு ஒரு விலை. அறையின் அளவுக்கும் ரயில் நிலையத் தூரத்துக்கும் அடுத்தபடியாக அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: சமைக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வலி இருக்கிறது. இணைய வாடகை விளம்பரங்களில் 'இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம்' என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். 2014ல் பிபிசி இதை விரிவாகச் செய்தியாக்கியது. இந்தியக் குடும்பங்கள் தொலைபேசியில் பேரைச் சொன்னதும் 'அறை போய்விட்டது' என்ற பதிலைக் கேட்டுப் பழகிப்போயின. காரணமாகச் சொல்லப்பட்டது குழம்பு வாசனை. பல உரிமையாளர்கள் 'லேசான சமையல் மட்டும்' என்று நிபந்தனை போட்டார்கள். சாதம் வடிக்கலாம், முட்டை அவிக்கலாம், தாளிக்கக் கூடாது.

2011 ஆகஸ்டில் ஒரு செய்தி நாட்டையே உலுக்கியது. சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை பற்றிப் புகார் செய்ய, சமூக மத்தியஸ்த நிலையத்தில் சமரசம் நடந்ததாம். புகார் செய்தவர்கள் வெளியே போயிருக்கும்போது மட்டும் குழம்பு வைப்பது என்று முடிவாம். சில ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம் அது. செய்தியைப் படித்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆகஸ்ட் 21 அன்று 'எல்லாரும் ஒரு பானை குழம்பு வைப்போம்' என்று அழைப்பு விடுக்க, ஃபேஸ்புக்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்துகொண்டார்கள். சீனரும் மலாய்க்காரரும் யூரேசியரும் அன்று தங்கள் வீட்டில் குழம்பு வைத்தார்கள். சொந்த வீட்டில் இருந்தவரின் குழம்புக்காக ஊர் திரண்டு நின்றது நல்ல விஷயம். வாடகை அறையில் தாளிக்க முடியாதவருக்காக அப்படி ஒரு நாள் வரவில்லை. அவர் குடிமகன் இல்லை, வாக்காளர் இல்லை, இரண்டாண்டு அனுமதிச் சீட்டோடு வந்தவர்.

விதிகளைப் படித்தாலும் இதே ஓரவஞ்சனை தென்படும். உரிமையாளர் எத்தனை ஆண்டு குடியிருந்தார், எத்தனை பேரை வைக்கலாம், எத்தனை மாதத்துக்குக் குறையாமல் விட வேண்டும் என்று எல்லாம் எண்ணி எழுதியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்து விடக் கூடாது. அதனால் சுற்றுலாப் பயணிக்கு நாள்வாடகை விட வழியில்லை. ஓர் ஒப்பந்தம் சிங்கப்பூரருக்கும் மலேசியருக்கும் மூன்று ஆண்டு வரை, பிற நாட்டவர்க்கு இரண்டு ஆண்டு வரை. குடிவருபவரின் கடப்பிதழையும் வேலை அனுமதியையும் மூலத்தோடு சரிபார்ப்பது உரிமையாளரின் கடமை. அனுமதி காலாவதியானவரைத் தங்கவைத்தால் சிறைத் தண்டனை வரை போகும். கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் ஆகியவற்றில் வேலை அனுமதியோடு உழைப்பவர்களில் மலேசியர் தவிர மற்றவர்கள் வீவக வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. இந்த அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றிய தமிழ்த் தொழிலாளி, அதில் ஓர் அறைகூட எடுக்க முடியாமல் தொழிலாளர் விடுதியில் தங்குகிறார். 2014 முதல் வெளிநாட்டவர்க்கு முழு வீட்டை விடுவதற்கும் உச்சவரம்பு வந்தது: வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11. இதிலும் மலேசியருக்கு விலக்கு உண்டு.

இத்தனை எண்களுக்கு நடுவில், குடிவந்தவர் நினைத்த நேரத்தில் தாளிக்கலாமா, நண்பரை அழைக்கலாமா, திடீரென்று கிளம்பச் சொன்னால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் இரு தரப்பு ஒப்பந்தத்தின் தயவில் விடப்பட்டது. வாடகை அனுமதியின் வரலாறு உரிமையாளரின் நலனையும் அரசின் கவலையையும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. குடிவந்தவர் அதில் எண்ணப்பட வேண்டிய தலையாக மட்டும் வருகிறார். இந்தக் குறையைச் சிங்கப்பூரின் சாதனையைப் பாராட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகக் கூடாது.

குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டு முடியும்வரை பொறுக்காதவர்களும் இருந்தார்கள். ஓர் அறையை மட்டும் பூட்டிவைத்து, அதில் தாங்கள் வாழ்வதாகக் காட்டி, மற்ற அறைகளையெல்லாம் வாடகைக்கு விட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு கட்டிலும் இரண்டு பெட்டியும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். வீவக அதிகாரிகள் சோதனைக்குப் போய்த் துணி காய்கிறதா, கடிதங்கள் யார் பெயருக்கு வருகின்றன என்றெல்லாம் பார்க்க வேண்டியதாயிற்று. சிக்கினால் எச்சரிக்கை, அபராதம், முற்றினால் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். நிரந்தரவாசிகள் வாங்கிய வீடுகளிலும் இந்தப் போக்கு வந்துவிடக் கூடாதென்று 2013 ஆகஸ்ட் முதல் அவர்களுக்கு முழு வீட்டை வாடகைக்கு விடும் உரிமை ரத்தானது.

கட்டுப்பாடே இல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பிரிட்டன் ஒரு சாட்சி. 1980ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தில் மார்கரெட் தாட்சர் அரசு, நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைப் பெரும் தள்ளுபடியில் வாங்கலாம் என்றது. குடியிருந்த காலத்தைப் பொறுத்து விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கழிவு. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் அது 70 விழுக்காடு வரை போனது. சில ஆண்டுகளுக்குள் விற்றால் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. வாடகைக்கு விடக் கூடாது என்ற பொதுத் தடை இல்லை. நிறுவனங்கள் சில, லண்டனின் உள்நகர வட்டாரங்களில் ஏழைக் குடித்தனக்காரர்களிடம் ரொக்கம் கொடுத்து, அவர்கள் பெயரில் வீட்டை வாங்கவைத்து, நீண்ட குத்தகைக்குத் தாங்களே எடுத்துக்கொண்டு வாடகைக்கு விட்ட உத்தியும் நடந்தது. 2004ல்தான் சட்டம் அதை விற்பனைக்குச் சமமாகக் கருதத் தொடங்கியது. 2014ல் லண்டன் மன்ற உறுப்பினர் டாம் கோப்லி வெளியிட்ட அறிக்கை, லண்டன் நகராட்சிகள் அப்படி விற்ற வீடுகளில் குறைந்தது 36 விழுக்காடு தனியார் வாடகையில் இருப்பதாகக் கணக்கிட்டது. வீடில்லாதவர்களைத் தங்கவைக்க நகராட்சிகள் தாங்கள் விற்ற அதே வீடுகளைச் சந்தை வாடகைக்குத் திரும்ப எடுக்கும் நிலையும் வந்தது. ஸ்காட்லாந்து 2016லும் வேல்ஸ் 2019லும் இந்தத் திட்டத்தையே மூடிவிட்டன. சிங்கப்பூரின் ஐந்தாண்டு நிபந்தனையை எரிச்சலாகப் பார்ப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஆனால் ஐந்தாண்டும் போதாமல் போன இடம் ஒன்று சிங்கப்பூரிலேயே இருக்கிறது. தஞ்சோங் பகாரில் 1960களின் தொடக்கத்தில் கட்டிய பழைய புளோக்குகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஐம்பது மாடி உயரத்தில் ஏழு கோபுரங்களாக எழுந்தது பின்னக்கிள் அட் டக்ஸ்டன். 1,848 வீடுகள். நகரின் நட்டநடுவில், வணிக வட்டாரத்துக்குப் பக்கத்தில். 2004ல் விற்பனைக்கு வந்தபோது நாலறை வீடு 289,200 வெள்ளியில் தொடங்கியது. 2009ல் குடிவந்தவர்களுக்கு ஐந்தாண்டு முடிந்ததும் கதவு திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய விற்பனைகள் வழக்கமாயின. வாடகையும் அதற்கேற்ப ஏறியது. குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு அரசு கொடுத்த கழிவு, ஒரு தலைமுறையின் செல்வமாகவே மாறிவிட்டது. பெயர் விழாதவர் அதே வரியைக் கட்டிக்கொண்டு, நகர மையத்திலிருந்து தள்ளியிருக்கும் பொங்கோலிலோ செங்காங்கிலோ இருந்தார்.

இந்தக் கசப்பின் விளைவாக 2021 அக்டோபரில் முதன்மை வட்டார வீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் ரோச்சோரில் ரிவர் பீக்ஸ் வீடுகள் அதன்கீழ் விற்பனைக்கு வந்தன. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் பத்து ஆண்டு. விற்கும்போது விலையில் 6 விழுக்காட்டை அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழு வீட்டை வாடகைக்கு விடுவது பத்தாண்டுக்குப் பிறகும் முடியாது, மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் முடியாது. குடியிருந்துகொண்டு அறையை விடலாம், அவ்வளவுதான். 2024 அக்டோபர் முதல் புதிய வீடுகள் எல்லாம் ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று மூன்றாகப் பிரிந்தன. பின்னிரண்டுக்கும் பத்தாண்டும் முழு வீட்டு வாடகைத் தடையும் உண்டு. 2003ல் தொடங்கிய தளர்வு, நல்ல இடங்களில் கட்டும் வீடுகளைப் பொறுத்தவரை முடிவுக்கு வந்துவிட்டது. 1964ன் நிபந்தனைக்கே கழகம் திரும்பியிருக்கிறது, இந்த முறை காலவரம்பும் இல்லாமல். பொதுப்பணத்தின் கணக்கில் பார்த்தால் சரியான முடிவு. நகர மையத்தில் வேலை செய்யும் வாடகைக்காரர் இனி எங்கே தங்குவார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கேள்வி வெறும் ஊகமும் இல்லை. கொவிட் காலத்தில் கட்டுமானம் முடங்கிப் புதிய வீடுகள் தாமதமானபோது, வீட்டுக்காகக் காத்திருந்த சிங்கப்பூர் இளந்தம்பதியரும் எல்லை திறந்ததும் திரும்பிய வெளிநாட்டவரும் ஒரே வாடகைச் சந்தையில் மோதினார்கள். 2022 ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகை 29.7 விழுக்காடு ஏறியது. வீவக வீடுகளும் பின்தங்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பல தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையின் பள்ளியை விட்டுத் தள்ளி வீடு பார்த்தன. சிலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு அறைக்கு மாறினார்கள்.

2018 மே மாதம் பெரிய வீவக வீடு ஒன்றில் தங்கக்கூடிய, உறவில்லாத ஆட்களின் வரம்பை ஒன்பதிலிருந்து ஆறாகக் குறைத்திருந்தார்கள். நெரிசலும் அக்கம்பக்கத்தாரின் தொல்லையும் காரணம். 2024 ஜனவரி 22 முதல் நாலறையும் அதற்கு மேலும் உள்ள வீடுகளில் அதை எட்டாக உயர்த்தினார்கள். வாடகை ஏற்றத்தைத் தணிக்க வேறு வழி உடனே கைவசம் இல்லை. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி, முதலில் 2026 டிசம்பர் 31 வரை என்று நாளும் குறித்தார்கள். எட்டுப் பேர் தங்கும் வீட்டை அதற்கென்று கழகத்திடம் பதிய வேண்டும், உரிமையாளர் கூட இருந்தால் அவர் வீட்டாரும் அந்த எட்டில் அடக்கம். நாலறை வீட்டில் படுக்கையறை மூன்று. சமையலறை ஒன்றுதான், காலையில் வேலைக்குக் கிளம்பும் எட்டுப் பேரில் யார் முதலில் அடுப்பைப் பற்றவைப்பது என்பதை இப்போதும் அந்த வீட்டில் இருப்பவர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்கிறார்கள்.